மாவுக்காரியின் கையுறை

வியாழக்கிழமை, இரவு

தோல் டாக்டர் சொன்னபடி நான்கு நாளாகக் களிம்பு தடவி, கையுறை மாட்டிக்கொண்டுதான் இட்லி மாவு விற்கிறேன். கைவெடிப்பு மூடிக்கொண்டு வருகிறது. நேற்று எரிச்சல் இல்லாமல் தூங்கினேன்.

இன்று மாவு வாங்க வந்த எதிர்வீட்டு சரசு, நீட்டிய தூக்குவாளியைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க அக்கா, கையில என்னங்க? ஒட்டிக்குமுங்களா?”

“ஒட்டாது கண்ணு, வெறும் கரப்பான் புண்ணுதான். டாக்டரே சொல்லிட்டாரு.”

“இல்லீங்க, ஊட்டுல சின்னக் கொழந்த இருக்குது...”

போய்விட்டாள். அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் மாவு வாங்க வரவில்லை. வெடித்த கையோடு அள்ளி ஊற்றிய நாளெல்லாம் ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். நாளைக்கு வெறுங்கையால்தான் மாவில் உப்பைப் போட்டுக் கரைக்கப்போகிறேன். இப்போதே விரலிடுக்கு எரிகிறது.