நீலம் வராத தண்ணீர்

இன்று காலை மூக்குக்கண்ணாடியில் படிந்திருந்த தூசியை வேட்டி முனையால் துடைக்கப் போனேன். துணி தொடுவதற்குள் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கண்ணாடியைத் தண்ணீரில் காட்டி, தூசி ஓடிய பிறகுதான் துடைத்தேன். “கண்ணாடியைக் குளிப்பாட்டியாச்சா?” என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். இருவரும் சிரித்தோம். மதினி, உங்களை நினைத்துத்தான்.

வரும் ஆவணியோடு நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ராஜபாளையத்தில் என் அண்ணன் நடத்திய கார் பெயிண்ட் பட்டறைக்கு முதலில் நீங்கள் சாப்பாடு கொண்டுவரத்தான் வந்தீர்கள். சில மாதங்களில் அண்ணன் பெயிண்ட் அடிப்பார், நீங்கள் பாலீஷ் போடுவீர்கள் என்று ஆகிவிட்டது. பாலீஷுக்கு வேண்டிய பொறுமை அண்ணனிடம் கிடையாது. அதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் வண்டிக்காரர்கள் வரும் நேரம் பார்த்து நீங்கள் பாலீஷ் மிசினைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவீர்கள். அந்தப் பளபளப்பெல்லாம் அண்ணன் கை என்றே ஊரில் நினைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் உங்கள் அண்ணன், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் கல்யாணத்துக்காகத் தன் காரைக் கருநீலத்தில் பெயிண்ட் அடிக்கக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“பாலீஷ் யாரு போடுவா?” என்று கேட்டார்.

“நாந்தான்.”

“ஏட்டி, வெளையாடாத. மாப்பிள்ளை ஏறுத வண்டி. மாவு ஆட்டுத மிசினுன்னு நெனச்சியா?”

“ஒத்தக் கீறல் இருந்தாலும் சொல்லுங்கண்ணே. இனிமே இந்த மிசினைத் தொடமாட்டேன்.”

“சொல்லிட்டேல்ல? வெள்ளிக்கெழமை காலைல டார்ச்சோட வாரேன்.”

என் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். சொன்ன சொல்லை நீங்கள் திரும்ப வாங்கி நாங்கள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் நான் ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களைப் பார்த்து என் பத்திரிகைக்கு ஒரு செய்தி எடுத்துவிட்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினேன். கதவுக்கு ரப்பர் வாங்க அண்ணன் மதுரைக்குப் போயிருந்தார். பட்டறை நடுவில் கார் நின்றது. பெயிண்ட் அடித்து மூன்று நாள். பானட்டில் நாலைந்து வேப்பம்பூ விழுந்து கிடந்தது. வண்டியின் அழகைப் பார்த்த ஆசையில், முகத்துத் துண்டை அவிழ்த்து வட்டம் வட்டமாகத் துடைத்தேன். நான்கு தடவை.

“கொழுந்தனாரே, கையை எடுங்க.”

நீங்கள் கத்தவில்லை. டியூப்லைட்டை வயரோடு இழுத்துவந்து பானட்டுக்கு மேலே பிடித்தீர்கள். முடி கனத்தில் வளைவு வளைவாகக் கீறல்கள்.

“ஆலங்குளத்து மண்ணு அம்புட்டையும் துண்டுல கட்டிக் கொண்டாந்து தேச்சிருக்கீகளே. அங்க ஏதும் மிச்சம் வச்சீகளா?”

“ஏட்டையாகிட்ட நானே உண்மையைச் சொல்லிடுறேன் மதினி.”

“சொன்னா கீறல் போயிருமா? வாளியை எடுங்க.”

கதவின் உள்விளிம்பில் நகத்தை அழுத்திப் பார்த்தீர்கள். தடம் விழவில்லை, பெயிண்ட் இறுகியிருந்தது. தொட்டால் வழவழவென்றிருக்கும் இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டீர்கள். பானட்டின் மடிப்புகள் மேல் டேப் ஒட்டினீர்கள். எனக்குக் கொடுத்த வேலை இரண்டு: மக்கில் தண்ணீர் ஊற்றுவது, கீழே வைத்த வெள்ளைத் தொட்டியில் வடியும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது.

“பால் மாதிரி வந்தா மேல இருக்க கிளியர் பூச்சு மட்டும் தேயுதுன்னு அர்த்தம். நீலம் வந்துச்சுன்னா பூச்சு தாண்டிப் பெயிண்டுக்கே போயிட்டேன்னு அர்த்தம். பொறவு நான் மாவாட்டப் போக வேண்டியதுதான்.”

ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் தேய்த்தீர்கள். கை அழுத்தவேயில்லை.

“நீலம் வருதா?”

“இல்லை மதினி.”

“இப்ப?”

“வெள்ளைதான்.”

பத்து நிமிடம் கழித்து “நீலம்!” என்று நான் அலறினேன். நீங்கள் கட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குனிந்தீர்கள். தொட்டியில் தெரிந்தது என் சட்டை.

“மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டிட்டு ஊத்துங்க. கல்யாணத்துக்கு முந்தியே எனக்குக் காரியம் வச்சிருவீக போலிருக்கு.”

மீதி வேலை முழுக்க பனியனோடு நின்றேன். ஓர் இடத்தில் கீறலே தெரியவில்லை. “போயிருச்சு!” என்றேன். “தண்ணி காஞ்ச பொறவு சொல்லுங்க” என்றீர்கள். காய்ந்ததும் கீறல் திரும்ப வந்து நின்றது. ஈரம் எல்லாவற்றையும் மறைத்துக்காட்டும் என்று அன்றுதான் கண்டேன். மறுபடி தேய்த்து, மறுபடி காயவைத்துப் பார்த்தபோது பானட் முழுவதும் மூச்சுவிட்ட கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. “முன்னால இருந்ததைவிட மோசம் மதினி” என்றேன். நீங்கள் காம்பவுண்டை, அந்தப் பாலீஷ் பசையை, தொட்டு வைத்து மிசினை ஓட்டினீர்கள். டியூப்லைட்டின் பிம்பம் முதலில் புகையாக வந்தது, பிறகு கோடாக வந்தது. கடைசியில் அதன் முனையில் அச்சடித்திருந்த எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன.

டேப்பை உரித்தபோது, இடது மடிப்பின் முதுகில் குறுக்காக ஒரு கீறல் மிச்சமிருந்தது. அரிசி நீளம்.

“அதையும் ஒரு தேய்ப்புத் தேய்ச்சிருங்க மதினி.”

“மடிப்புல பூச்சு மெல்லிசா நிக்கும். தொட்டா நீலம் வந்துரும். இருக்கட்டும்.”

“ஏட்டையா பார்த்துட்டா?”

“பாத்தா பாக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணன் டார்ச்சோடு வந்தார். என் அண்ணன் காணாமல்போகாத ஒரு திருகாணியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஏட்டையா காரை மூன்று சுற்று சுற்றினார், எண்ணினேன். “ஒண்ணும் இல்ல” என்று டார்ச்சை அணைத்தார். நான் மூச்சை விட்டேன்.

அப்போது நீங்கள் சொன்னீர்கள்: “ஒண்ணு இருக்குண்ணே.”

அவரை இடது விளக்கருகே குந்தவைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினீர்கள். அவர் வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்தார்.

“எடுக்க முடியாதா?”

“எடுக்கலாம். அந்த எடத்துல பூச்சு போயிரும். அடுத்த கோடைக்குள்ள வெளுத்துப்போவும். அதான் விட்டுட்டேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. நீங்கள் மிசினின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்ற ஆரம்பித்தீர்கள்.

“ஏட்டி, வயரை எதுக்குச் சுத்துத?”

“சொன்ன சொல்லுண்ணே.”

“முப்பது வருசமா வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டவன் நான். என் கண்ணுக்கே தெரியாததை நீயா காட்டுத. பொண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மாப்பிள்ளை இதைப் பாத்தாருன்னா அவரைத்தான் விசாரிக்கணும். வயரை மாட்டு. சம்பந்தி வண்டிக்கும் நீயே பாலீஷ் போடு.”

கல்யாண மண்டபத்தில் பந்தியிலிருந்து எழுந்தவர்களையெல்லாம் கை கழுவியதும் வாசலுக்கு இழுத்துவந்து, “என் தங்கச்சி கை” என்று அவர் காரைக் காட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு வண்டிக்காரர்கள் வரும்போது நீங்கள் பின்பக்கம் போகவில்லை. மிசினை ஓட்டியபடியே, “அஞ்சு நிமிசம் உக்காருங்க” என்பீர்கள். நானும் அதன்பிறகு, ஒரு செய்தியில் எனக்கு உறுதியாகாத இடம் இருந்தால் உறுதியாகவில்லை என்றே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அதே கார் நிற்கிறது. எங்கேயோ சர்வீஸுக்கு விட்டபோது, அந்தக் கீறலையும் எடுத்துத் தருகிறோம் என்றார்களாம். “அது மேல கை வச்சா உள்ள தள்ளிருவேன்னு சொல்லிட்டேன்” என்றார் உங்கள் அண்ணன். அவருக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. டார்ச்சை அவர் நின்றபடியே பிடித்துக்கொள்வார். குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அதைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை.

“இருக்கா?”

“இருக்கு அத்தான்.”