வழிக்கு மார்க் இல்லாத பரீட்சை

அன்புள்ள பெரியவனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குப் பொடி எழுத்துகூடத் தெரிகிறது, அதோடு வீட்டுத் தூசி முழுக்கத் தெரிந்து என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்.

உன் தங்கை விஷயமாகத்தான் இதை எழுதுகிறேன். சான்றிதழ் பரீட்சையில் அவள் தேறவில்லை என்பது உனக்குத் தெரியும், காரணத்தையும் உனக்கு ஒரு வரியில் அனுப்பியிருந்தாள், நடந்ததை நீ முழுதாகக் கேட்கவில்லை. நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிற பரீட்சையும் இருந்தது, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவில் அவளை நிரந்தரமாக்க அதுவே போதும் என்றார்கள். நீதான் போனில், குருட்டாம்போக்குல டிக் அடிச்சு வாங்குறதெல்லாம் ஒரு சர்டிபிகேட்டா, கையால செஞ்சு காட்டுற பரீட்சைக்குப் போடி என்றாய், நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். போனாள். கேட்டதையெல்லாம் செய்து, ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தாளாம். ஆனால் அவர்கள் அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகுதான் திருத்துவார்களாம். அணைத்தாலும் நிலைக்கும்படி பதிந்து வைக்க வேண்டும், பதற்றத்தில் அதை விட்டுவிட்டாள். திரும்பப் போட்டபோது அவள் செய்த எதுவும் அதில் இல்லை, துடைத்த கரும்பலகை மாதிரி.

பரீட்சை தப்பு என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் வந்தால் எல்லாம் பழையபடி ஓட வேண்டாமா? ஆனாலும் கணக்கு டீச்சராக, விடை தப்பானாலும் வழிக்கு மார்க் போட்டுப் பழகிய கை என்னுடையது. என் வகுப்பில் ஒருத்தி பக்கம் முழுக்கச் சரியாகப் போட்டு, கடைசி வரியில் ஒரு சைபரை விட்டுவிடுவாள், எங்கடி அந்த முட்டை, பசிச்சுதுன்னு தின்னுட்டியா என்று கேட்டு அரை மார்க்தான் குறைப்பேன். இயந்திரம் அப்படிக் கேட்காது, நாமாவது கேட்டிருக்கலாம். நீயோ, ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாக்கத் தெரியாதா மக்கு என்று அனுப்பினாய். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தவள்தான், உன் பேச்சையே எடுப்பதில்லை. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் காட்டாவிட்டால் வேலை போய்விடும், அதனால் அந்த டிக் பரீட்சைக்கே பெயர் கொடுத்துவிட்டாள். பாஸ் பண்ணிடுவேம்மா, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதே என்று சிரித்தாள், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நீயும் மருமகளும் எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்க எங்கள் ஆசி. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடு, மறந்துவிடாதே. புத்தி சொல்லாதே. பரீட்சை அன்றைக்கு என்னவெல்லாம் செய்தாய் என்று முதலிலிருந்து சொல்லச் சொல். உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்து, பதிய மறந்த இடத்தில் தானாக நின்றுவிடுவாள். அப்போது நீ ஒன்றும் பேச வேண்டாம், போனை மட்டும் வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா