படமில்லாத இருபத்தேழு கட்டங்கள்

12.02.2003

பாடசாலை விட்டதும் ஸகீனாவின் இன்டர்நெட் கடைக்குப் போனேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டே கணினிகள். தேடியது இடத்தியல் குவாண்டம் புலக் கோட்பாடு. பேராதனையில் கடைசி வருடம் ஒரு விரிவுரையாளர் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பதினொரு வருடமாகியும் அந்த அரை மணி நேரம் என்னை விடவில்லை. கண்டிப் புத்தகக் கடைகளில் பெயரை எழுதிக் காட்டியும் பார்த்தாயிற்று.

இன்று கிடைத்தது. யாரோ ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்கு எழுதிய விரிவுரைக் குறிப்புகள், இணையத்தில் சும்மா கிடக்கின்றன. ஸகீனா நாற்பத்து மூன்று பக்கம் அச்செடுத்துத் தந்தாள்.

14.02

குறிப்புகளின் நடுநடுவே வெற்றுக் கட்டங்கள், இருபத்தேழு. கீழே படம் 1, படம் 2 என்று இலக்கம் மட்டும். நாங்களும் செயல்நூலில் இப்படித்தானே கட்டம் விட்டுப் பிள்ளைகளை வரையச் சொல்கிறோம். நல்ல வாத்தியார்.

02.03

ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு காவி வெளி, அந்த வெக்டர் ஸ்பேஸ்தான். வட்டங்களை இணைக்கும் பரப்பு, ஒரு வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சார்பு. மேலே இரண்டு வட்டம், கீழே ஒன்று என்றால் அது பெருக்கல். இவ்வளவுதான். இதற்கு எனக்குப் பதினாறு நாள்.

கட்டங்களுக்கான படங்களை நான் வரையும் கொப்பியை அப்பா எட்டிப் பார்த்தார். மடுல்சீமையில் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவர். "யாருக்கும்மா இத்தன கால்சட்டை, அதுவும் தலகீழா?" என்றார்.

28.03

இருபத்தேழாவது கட்டமும் முடிந்தது. யாரிடம் சொல்வது? உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடமா?

05.04

தென்னிந்தியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் ஆகஸ்டில் இதே பாடத்தை மூன்று வாரம் நடத்துகிறது. வெளிநாட்டவருக்கு இரண்டு இடம். முப்பத்தைந்து நிறைந்தவர்களை எடுக்க மாட்டார்களாம். எனக்கு நவம்பரில் நிறைகிறது. அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இல்லை.

யாரிடம் படித்தீர்கள் என்று ஒரு கேள்வி. யாரிடமும் இல்லை. கொப்பியைப் பிரதியெடுத்து இணைத்து, 'வாசகருக்கென்று விடப்பட்ட இருபத்தேழு படங்களையும் நானே வரைந்தேன்' என்று எழுதி அனுப்பினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

29.04

ஸகீனாவின் கணினியில் சேலைப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் கணினியில் மட்டும் ஏன் எப்போதும் எழுத்து மட்டும் வருகிறது என்று கேட்டேன்.

"லைன் ஸ்லோ, டீச்சர். அதுல படம் வராம நிப்பாட்டித்தான் வச்சிருக்கேன். உங்களுக்கு எழுத்துதானே வேணும்?"

அந்தக் குறிப்புகளைத் திறந்து, படங்களையும் வர விடச் சொன்னேன். வந்தன. கட்டம் கட்டமாக, என் கால்சட்டைகள், வேறொருவர் கையால் அழகாக வரையப்பட்டு. ஆறாவதோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஐயோ, என்ன வேலை பார்த்து வச்சிருக்கேன். ஊர் உலகமெல்லாம் பார்க்கிற படத்தைப் பார்த்து வரைஞ்சிட்டு, நானே வரைஞ்சேன்னு கடுதாசி போட்டவ. அப்படித்தானே நினைப்பாங்க? வேற எப்படி நினைப்பாங்க?

30.04

ஸகீனா மேல் கோபமில்லை. இருக்கிறது, கொஞ்சம்.

03.05

விளக்கம் எழுதலாமா? கடையில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று எழுதினால் எனக்கே சாக்காகத் தெரிகிறது. எழுதவில்லை. மூன்றாம் தவணைக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இப்போதே.

17.05

தபாலில் ஒன்றுமில்லை.

26.05

ஒன்றுமில்லை. குறிப்புகளை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

06.06

கடிதம் வந்தது. செல்வி ஜெசிந்தினி இராயப்பனுக்கு. ஆங்கிலத்தில் இருந்ததை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்:

'அந்தக் குறிப்புகளில் படங்கள் ஏற்கெனவே இருப்பதால் உங்கள் கூற்றை முதலில் நாங்கள் நம்பவில்லை. ஆனால் பத்தொன்பதாம் படத்தில் ஒரு துளைதான் வர வேண்டும். நீங்கள் இரண்டு போட்டு, அதற்கு ஒரு பக்கம் காரணமும் எழுதியிருக்கிறீர்கள். மூலத்தைப் பார்த்து வரைந்த எவரும் இந்தத் தவறைச் செய்ய முடியாது. ஆகஸ்ட் நான்காம் திகதி வந்து சேரவும்.'

அப்பா கடிதத்தை வாங்கி, தெரியாத எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, பிழை விட்டதுக்கா கூப்பிடுறாங்க?"

"ஆமாங்கப்பா" என்றேன்.