சுவரில் நுழையாத பிளக்

சாம்பே ஏரிக்கரை, சுவிட்சர்லாந்து
திங்கள் காலை

அன்புள்ள ஆந்த்ரேவுக்கு,

உன் அம்மா நன்றாக இருக்கிறாள். மற்றதைப் படிக்கும் முன் இதைப் படித்துவிடு. ஏறியிருந்த சர்க்கரை இரவோடு இரவாக இறங்கிவிட்டது. இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, விடுதிக்காரம்மா கொடுத்த சூப்பில் உப்பு போதவில்லை என்கிறாள்.

நேற்று தொலைபேசியில் நீ என்னிடம் பேசிய விதத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அமெரிக்காவில், லூயிஸ்டனில் உட்கார்ந்து, அம்மாவின் உடம்பில் ஒட்டிய கருவி உன் கைப்பேசிக்கு அனுப்பும் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போவதையும், பிறகு திரை வெறுமையானதையும் பார்த்த மகன் அப்படித்தான் பேசுவான். ஆனால் நீ என்னைப் பேச விடவில்லை. ஆகவே எழுதுகிறேன். விடுதிக்காரம்மா இந்தப் பக்கங்களைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். நீ விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். இந்த மலையைச் சுற்றி நடப்பவர்கள் பிரான்சில் தொடங்கி, இத்தாலி வழியாக, சுவிட்சர்லாந்துக்குள் இறங்குகிறார்கள். செங்குத்தான இடங்களில் நாங்கள் பேருந்தில் ஏறிக்கொண்டோம். பெட்டிகள் வேனில் முன்னால் போய்விடும். தோளில் சின்னப் பை மட்டும். உன் அம்மாவின் இன்சுலின் ஊசிகள் பெட்டியில் இருந்தன. இன்சுலினைத் தானே செலுத்தும் பம்ப் இடுப்பில் இருக்கும்போது ஊசி எதற்கு என்று இருவருமே நினைத்தோம்.

அடாப்டரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று மெலிந்தது, இரண்டு கம்பிகள். மற்றது கைக்கு அடக்கமான கனத்தோடு, எர்த் இணைப்புள்ளது. எங்கள் வீட்டில் எர்த் இல்லாத எதையும் என் கணவர் நார்மன் சுவரில் செருக விட்டதில்லை. நீயும் அமெரிக்கன்தானே, மூன்று கம்பி இருந்தால்தான் நம்மவர்களுக்குத் தூக்கம் வரும். கனமானதை வாங்கினேன். பிரான்சில் அது கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இத்தாலியில் தங்கிய மலைக்குடிலில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் டென்வரிலிருந்து வந்த டுவேன் என்பவர் கைப்பேசி, கைக்கடிகாரம், பறக்கும் கேமரா எல்லாவற்றையும் சேர்த்து மாட்டியிருந்தார். நான் அந்தக் கேமராவைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். “ஏம்மா, நீங்க ஸ்கூல் டீச்சரா?” என்றார். “டீச்சர் இல்ல. ஆனா கன்னியாஸ்திரீகள்கிட்ட படிச்சவ. வரிசைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்” என்றேன். கூடமே சிரித்தது. எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தேன். உன் அம்மா கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வரும் முன் குடில்காரர் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். பம்ப்பில் சார்ஜ் குறைந்திருப்பதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் கணவாயைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தோம். அறைக்குள் நுழைந்ததும் பம்ப் கீச்சென்று கத்தியது. அடாப்டரை எடுத்துக்கொண்டு சுவரருகே போனேன். இந்த நாட்டின் பிளக் பாயிண்ட் சுவருக்குள் பள்ளமாக, சின்ன அறுகோணமாக இருக்கிறது. என் அடாப்டரின் வட்டத் தலை அதற்குள் இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் இல்லை. விடுதிக்காரம்மாவின் சொந்த சார்ஜரில் எங்கள் பம்ப்பின் கம்பி சேரவில்லை. பெட்டிகளோ அடுத்த ஊரில். வேன்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை.

அடுத்து நான் செய்ததையும் மறைக்கவில்லை. சமையலறையில் ரொட்டிக் கத்தியை எடுத்து அடாப்டரின் விளிம்பைச் சீவத் தொடங்கினேன். விடுதிக்காரம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். “ஐயோ, என்னம்மா பண்றீங்க? தீப்பிடிச்சா என் வீடே போயிடும்! அந்தக் கூடத்துல உங்க நாட்டுக்காரரு ஒருத்தர் இருக்காரே, அவருகிட்ட கேட்டா என்ன?” என்றாள். யார் என்று எட்டிப் பார்த்தேன். டுவேன். சுவரில் அந்த மெலிந்த அடாப்டர், அதில் அவருடைய கேமரா.

நான் உடனே போகவில்லை, ஆந்த்ரே. மாடிக்குப் போய் வேன்காரரை மறுபடி அழைத்தேன். மறுபடியும் அழைத்தேன். அதற்குள் பம்ப் நின்றுபோயிருந்தது. உன் அம்மா தண்ணீர் கேட்டாள், குடித்தாள், உடனே மறுபடி கேட்டாள். பிறகு வாந்தி. அவளுடைய கைப்பேசியும் அணைந்தது. அப்போதுதான் நீ விடுதிக்கு அழைத்தாய்.

நீ பேசி வைத்ததும் கூடத்துக்குப் படியிறங்கினேன். டுவேன் என்னைப் பார்த்ததும், “வாங்க டீச்சரம்மா, இங்கயும் வரிசை உண்டா?” என்றார். “உண்டு. கடைசியில நான் நிக்கிறேன்” என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் சிரிப்பை நிறுத்தினார். கேமராவைப் பிடுங்கி சோபாவில் எறிந்துவிட்டு, அடாப்டரோடு என் முன்னால் மாடிப்படி ஏறினார். பம்ப்புக்கு உயிர் வரும்வரை அறை வாசலிலேயே நின்றார். ஊர் மருத்துவரை அழைத்து வந்ததும் அவர்தான்.

அந்த மருத்துவர் அம்மாள் பரிசோதித்துவிட்டு, இன்று முழு ஓய்வு, நாளை நிலைமை இப்படியே இருந்தால் ஏரியைச் சுற்றி நடக்கலாம், அதன்பின் பள்ளத்தாக்கு வழியாக மெல்லப் போகலாம் என்றார். அவர் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பேசிக்கொள். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

இனி, உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று. மருத்துவர், “மாற்று அடாப்டர் வெச்சுக்கலையா?” என்று கேட்டபோது உன் அம்மா சிரித்தாள். “இருந்துச்சு டாக்டர். என் பையன் வாங்கிக் குடுத்தான், மெலிசா, ரெண்டு கம்பி. ஜார்ஜெட் அதைப் பார்த்துட்டு, ‘என்னடி இது, பொம்மை வீட்டுக்கு வாங்கினியா’ன்னா. வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன்” என்றாள். நான் அப்படிச் சொன்னது உண்மை. நீ வாங்கியது இந்த மூன்று நாட்டுச் சுவருக்கும் பொருந்துவது. சமையலறை இழுப்பறையில் இருக்கிறதாம்.

அவர் போனபின், “ஏன்டி அப்பவே சொல்லல?” என்று கேட்டேன். “நீ அவ்வளவு உறுதியா இருந்தியே” என்றாள். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அதற்குப் பதில் அவள் என்மேல் கத்தியிருக்கலாம்.

நீ வந்து அவளை அழைத்துப் போகப்போவதாகச் சொன்னாய். நீ வந்து நின்றால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் நடக்கலாம் என்றால் அதற்கும் எழுந்து செருப்பு மாட்டிக்கொள்வாள். அவளுக்கு எது வேண்டும் என்று இந்த அறையில் இதுவரை யாரும் கேட்கவில்லை. நேற்று கணவாயின் உச்சியில் அவள் தொப்பியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றாள். என்னடி என்றேன். ஒன்றுமில்லை என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஆகவே, டிக்கெட்டை எடுத்துப் புறப்படும் முன் ஒருமுறை அவளை அழை. அவளுடைய கைப்பேசி இப்போது முழு சார்ஜில் இருக்கிறது. நீ கேட்டதும், “உன் இஷ்டம்ப்பா” என்பாள். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. பேசாமல் காத்திரு. எவ்வளவு நேரமானாலும் காத்திரு. வா என்று அவள் சொன்னால் நானே ஜெனீவாவுக்கு வந்து உன்னை அழைத்து வருகிறேன்.

நீ பேசும்போது நான் அறையில் இருக்கமாட்டேன். கீழே ஏரிப் பக்கம் இருப்பேன், கதவைச் சாத்திவிட்டுப் போவேன்.

கடவுள் உன்னையும், உன் வீட்டையும், உன் பொறுமையையும் காப்பாராக.

உன் அம்மாவின் தோழி,
ஜார்ஜெட் லெவெக்