உன் அப்பாவும் கோழிக்குஞ்சு விளக்கும்

மோக்கா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் வில்கினுக்கு,

உன் அப்பா கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் சிவப்பு விளக்கில் தொடையைச் சுட்டுக்கொண்டார். இதை முதலில் சொல்லாமல் என்னால் நலம் விசாரிக்க முடியவில்லை. மற்றபடி நான் சுகம், என் தீவனக் கடை சுகம், உன் தங்கை யானெலிஸும் பிள்ளைகளும் சுகம், அந்த நியூயார்க் குளிரில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்கக் கன்னி மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? அதனால்தான் அங்கே வரும் எதிர்வீட்டுக்காரியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் உன்னால் வந்தது. போன மாதம் அப்பாவிடம் நீ, தினமும் காலையில் சிவப்பு ஒளிப் பலகை ஒன்றின் முன்னால் உட்காருகிறேன், ஆம்பளைங்க உடம்புக்கு அது நல்லதாம், உங்களுக்கும் ஒன்று வழக்கமாகச் சாமான் அனுப்பும் பீப்பாயில் வைத்து அனுப்புகிறேன் என்று சொன்னாயே, பீப்பாய் கப்பலேறி வரும்வரை அவருக்குப் பொறுக்குமா? அம்மா கடையில் சிவப்பு விளக்கு அடுக்கடுக்காகக் கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன் என்று தானே முடிவு கட்டிவிட்டார். இத்தனை வருஷமாக இந்த ஊர்க் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அந்த விளக்கை விற்கிறேன், அதன் வேலை சூடு போடுவது, வேறொன்றும் தெரியாது அதற்கு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மளிகைக்கடை மோன்ச்சோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தீவனக் கிடங்குக்குள் ஒரு நாற்காலி போட்டு, விளக்கை மடிக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, காற்சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்து, மத்தியானம் தின்ற சோறும் பீன்ஸும் கண்ணைச் சொக்க வைக்க, அப்படியே தூங்கியும்விட்டார். தீவனத் தூசி பறக்கிற கிடங்கு, மகனே. ஒரு பொறி போதும், சரக்கோடு சேர்த்து உன் அப்பாவையும் நான் கூட்டி அள்ளியிருப்பேன். நல்லவேளை வழக்கம்போல் மின்சாரம் போயிற்று, அதனால் தொடையோடு நின்றது. இந்த ஊர் மின்வெட்டுக்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான். இப்போது டோமினோ மேசையில் அவர் போய் உட்கார்ந்தால், "என்ன எலிஹியோ, முட்டை பொரிஞ்சிடுச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம். நன்றாகக் கேட்கட்டும்.

நான் கொதிப்பது புண்ணுக்காக இல்லை. புண் ஆறிக்கொண்டிருக்கிறது. மருந்து போடப் போன இடத்தில் டாக்டர் பிச்சார்தோ, எதற்கய்யா அந்த இடத்தில் விளக்கு என்று கேட்டார். முதுகு வலிக்கு என்று இவர் கூசாமல் புளுகினார். நான்தான் உள்ளதைச் சொன்னேன், சிறுநீர் கழிக்கப் போனால் மாமரத்தடியில் ஒரு கதை சொல்லி முடிக்கிற நேரம் நிற்கிறார், வந்து உட்கார்ந்ததும் மறுபடி எழுந்து ஓடுகிறார், இவருடைய அண்ணன் நெரெயோ புராஸ்டேட் புற்றுநோயில்தான் போனார் என்று. டாக்டரின் முகம் மாறிவிட்டது. ரத்தமும் சோதிக்க வேண்டும், பின்வழியே விரல் விட்டும் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். உன் பலகையைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சரியான பலகை இப்படிச் சுடாது, வலிக்கும் புண்ணுக்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள், புராஸ்டேட்டுக்கு அதை நம்பலாம் என்று சொல்ல இன்னும் போதுமான ஆதாரம் இல்லை, ஆசையாக இருந்தால் மருத்துவத்தோடு கூட வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள் என்றார். இதில் உன் அப்பாவின் காதில் விழுந்தது 'வைத்துக்கொள்ளுங்கள்' மட்டும்தான். மறுநாளே மோன்ச்சோ கடையில், எனக்கு டாக்டரே விளக்குதான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் துவரை உரித்துக்கொண்டிருந்தோம், அப்போது இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாதம் இவ்வளவுதான்: "ஒரு ஆம்பளை என்னை அங்க தொட்டுட்டான்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் டோமினோ ஆடப் போவேன் எர்சிலியா?"

நானும் விடவில்லை. "உங்க அண்ணன் யாரையும் தொட விடல. இப்ப எந்த மேசையில உக்காந்து ஆடிக்கிட்டு இருக்காரு?"

அவர் துவரைக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேகவேகமாக உரித்தார். கடுமையாகப் பேசிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். சரக்கு வாங்க வருகிறவன் யோசிக்க ஆரம்பித்தால் நான் அவசரப்படுத்தமாட்டேன், அது என் தொழில் பழக்கம், அப்படியே இருந்தேன். கடைசியில் அவர் தலை நிமிராமலே, "நான் கெழவன், விளக்குல உக்கார்றேன். நம்ம பையன் எதுக்குடி உக்கார்றான்? அவனுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டியா நீ?" என்றார்.

மகனே, ஊரையே எடைபோடுகிற நான் அதை யோசிக்கவில்லை, இந்த மனிதர் யோசித்திருக்கிறார். கவலை எல்லாம் உன்மேல்தான் இருந்திருக்கிறது. நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டாய், அப்பாவுக்கு உள்ள ரத்தம்தான், பெரியப்பா உடம்பில் ஓடிய ரத்தம்தான் உனக்கும். சும்மா பொழுதுபோகாமலா பலகை வாங்கினாய்? என்ன தொந்தரவு என்று எனக்கு எழுத வெட்கமாக இருந்தால் அப்பாவிடமாவது சொல். அங்கே வேலைக்கு லீவு கிடைக்காது, நேரமில்லை என்றெல்லாம் என்னிடம் அளக்காதே, பலகை முன்னால் உட்கார நேரம் கிடைக்கிறதல்லவா. வேளைக்குச் சாப்பிடு, தொப்பியில்லாமல் வெளியே போகாதே.

நீ கேட்காமலே என் ஆசியைத் தருகிறேன், கடவுள் உன்னை உச்சிமுதல் உள்ளங்கால்வரை காப்பாற்றட்டும். உன் பெயருக்கும் சேர்த்து நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் அப்பாவிடம் கைகொடுத்து வாக்குத் தந்துவிட்டேன், என் பேச்சை நீ தெருவில் விடமாட்டாய் என்று தெரியும். பேசி முடித்தது இதுதான், மறக்காதே: அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை அவர் ரத்தம் கொடுத்து, டாக்டர் விரல் விட்டுப் பார்க்கவும் சம்மதிப்பார், நான் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன், மோன்ச்சோவிடம் மூச்சு விடமாட்டேன், அதே வாரத்தில் நீ அங்கே ஒரு டாக்டரிடம் போய் உன்னையும் காட்டி, அவர் சொன்னதை ஒளிக்காமல் அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டுவாய், உங்கள் இரண்டு பேர் சோதனை முடிவும் வந்த பிறகுதான் பலகை என் கடைக்கு வந்து சேரும், டாக்டர் தருகிற மருந்தை அவர் விழுங்குகிற நாளில் மட்டும் அது எரியும்.

உன் அம்மா,
எர்சிலியா