தம்பியின் காது

1976 ஜனவரி 11, ஞாயிறு

கோயில் பூசை முடிந்து வந்தால் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் கூட்டம். நடுவில் தம்பி இராயப்பன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போனதையும், கல்லிடுக்கில் கைவலை போட்டுக் கலர் மீன் பிடித்ததையும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மீன்களை உயிரோடு பையில் கட்டி, வெள்ளைக்காரன் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் கருப்பம்மா, "கடலுக்குள்ள பீடி குடிக்க ஏலுமாடா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நவம்பரில் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் வந்தவன். மார்ச்சில்தான் திரும்பிப் போவான். இன்னும் ஏழு வாரம் இவன் புராணத்தைக் கேட்க வேண்டும்.

ஜனவரி 13

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினேன். அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார் கணக்கப்பிள்ளை. "தம்பிகிட்டச் சொல்லிக் கடல்ல ஒரு வேல வாங்கிக்க வேண்டியதுதானே" என்றார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டதாம். இந்த வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

போன மார்ச்சில் கல்குடாவுக்கு வேலை தேடிப் போனது நான். தம்பி துணைக்கு வந்தவன். நான் பதுளையில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவன். அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிரஜாவுரிமை இல்லாதவனுக்குக் கிளாக்கர் வேலை இல்லை என்றார்கள். மீன் பிரஜாவுரிமை கேட்காது என்று நினைத்தேன்.

மூத்த சுழியோடி மொஹிதீன் காக்கா எங்கள் இருவரையும் சோதித்தார். பத்தடி இறங்கியதும் என் இரண்டு காதிலும் ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. மூன்று தரம் முயன்று மூன்று தரமும் துடித்துக்கொண்டு மேலே வந்தேன். தம்பி மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினான். காது திறந்தது. முப்பதடிக்குப் போய் ஒரு சிப்பியோடு வந்தான். அவ்வளவுதான். நான் படித்ததெல்லாம் காதுக்குள் இருக்கும் ஒரு சவ்வுக்கு முன்னால் செல்லாக்காசு. மறுநாளே மலைக்குத் திரும்பித் தேயிலைக்கு மண் கிளறி முள்ளுக் குத்தப் போனேன்.

ஒரே வயிறு. அவனுக்கு மட்டும் ஏன் அந்தக் காது?

பெப்ரவரி 8

தம்பி பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுக் காதை ஈரத்தோடு விடுகிறான். பிறகு நெருப்புக்குச்சியால் குடைகிறான். "அரிக்குதுண்ணே" என்கிறான். காக்கா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஈரம் நின்றால் தோல் ஊறும், ஊறிய தோலைக் குச்சி கீறும், அந்தக் கீறலில்தான் சீழ் பிடிக்கும் - அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்.

நான் சொல்லலாம். சொல்லவில்லை. கடலில் இருந்தவன் அவனல்லவா?

பெப்ரவரி 15, ஞாயிறு

காது மடலைத் தொட்டாலே துள்ளுகிறான். அம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். கருப்பம்மா தன் சேவலின் இறகு ஒன்றைக் கொண்டுவந்தாள். எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் காதுவலிக்கு இதுதான்: இறகை எண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டுச் சுழற்றுவது. எனக்கும் செய்திருக்கிறார்கள். குச்சியால் புண்ணான காதுக்குள் இறகு. பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, காதப் பத்திக் காக்கா சொன்னதெல்லாம் ஒரு கொப்பியில எழுதுனீங்களே. அதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

"அது தொலஞ்சு போச்சு" என்றேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கொப்பிதான் அது. காக்கா சொன்னது கடைசி நான்கு பக்கங்களில் இருக்கிறது.

பெப்ரவரி 17

மஞ்சளாக வடிகிறது. இன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

பெப்ரவரி 19

காக்காவின் கடிதம் வந்தது. தம்பிக்குத்தான். வாசித்தது நான். மார்ச் எட்டாம் தேதி புதுப் படகு இறங்குகிறது. நான்கு சுழியோடிகள். அவர்களுக்குத் தலைவன் இராயப்பன். அந்த வரியை வேகமாக வாசித்துத் தள்ளினேன். அம்மா அழுதாள். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "காது கெடக்குது. நான் போறேன்" என்றான்.

போனால்? வீங்கி அடைத்த காதோடு ஆழத்துக்குப் போனால் சவ்வு கிழியும். அடியில் தலை சுற்றினால் மேலே எது கீழே எது என்று தெரியாது. அப்படி ஒருவனைப் பிணமாக இழுத்து வந்த கதையைக் காக்கா சொல்லியிருக்கிறார்.

கொப்பியின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். வலி வருமுன் காதைத் திற. திறக்காவிட்டால் மேலே வா. பலமாக ஊதாதே. சளித் தடிமன் இருந்தால் தண்ணீரில் கால் வைக்காதே. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நானே எழுதியிருக்கிறேன்: "கடலுக்கு வரும் வழியில் லுணுகலை மலை இறக்கத்தில் பஸ்ஸிலேயே காது அடைத்தது. மூக்கும் அடைப்பு. தடிமனா என்று காக்கா கேட்டார். இல்லை என்றேன். ஆமென்றால் தம்பியை முதலில் இறக்குவார்."

இதை மறந்துவிட்டேனா? மறக்க வேண்டியிருந்ததா? ஒரு வருஷமாக அவன் காதைப் பார்த்து வெந்தேன். என் காதில் ஒரு கோளாறும் இல்லை! வாயில்தான் கோளாறு. அன்றைக்கு ஒரு பொய், போன ஞாயிறு ஒரு பொய். டேய், அவன் செத்துக் கித்துப் போனா என்னடா செய்வ?

பெப்ரவரி 20

தோட்டத்து மருந்துக் காம்பிராவில் எந்த நோய்க்கும் ஒரே வெள்ளைக் குளிசைதான். அதனால் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவனைப் பதுளைக்குக் கூட்டிப் போனேன். அம்மாவும் வந்தாள். டாக்டர் சீழைத் துடைத்து எடுத்து, மருந்தில் நனைத்த துணித்திரியை வைத்தார். சவ்வில் ஓட்டை இல்லை. ஆறும். ஆனால் நான்கு வாரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

எண்ணெய் விட்டது யார் என்று சிங்களத்தில் அதட்டினார். அம்மா தலையைக் குனிந்தாள். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவன் பக்கத்தில் நின்றேன். அதைச் சொல்லுமளவுக்குச் சிங்களம் எனக்கு வரும். சொல்லவில்லை.

மார்ச் 7, ஞாயிறு

தம்பியின் இடத்தை வைத்திருக்கச் சொல்லிக் கேட்க நான் கல்குடாவுக்குப் போகிறேன். பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. லுணுகலை இறக்கம். எச்சிலை விழுங்கினேன். இரண்டு காதும் திறந்தன.

மார்ச் 8

தம்பியின் காது ஆறும்வரை படகு காத்திருக்காது என்றார் படகு முதலாளி. மொஹிதீன் காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தடிமன் இருக்கா?"

"இல்ல காக்கா."

"போன முறையும் நீ இதத்தான் சொன்ன. மூக்கால கதச்சிக்கிட்டு."

அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தம்பியின் இடத்துக்கு என்னையே இறக்கிப் பார்த்தார்.

முப்பதடி. வலியில்லை. நீல மீன் ஒன்று என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று பார்த்தது. மேலே வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டேன். வினாகிரியும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து காக்கா ஒரு போத்தலில் வைத்திருக்கிறார். காதுக்கு மூன்று சொட்டு. ஓட்டையோ புண்ணோ இல்லாத காதுக்கு மட்டும்.

சந்தோஷம். உடனே இன்னொன்றும் வந்தது - தம்பியின் காது ஆறாவிட்டால்? எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 28

"ஒனக்கு எழுத வாசிக்கத் தெரியும், நீயே தலைவனா இரு. தம்பிக்கு வரவேணாம்னு எழுதிப் போட்டுரு" என்றார் முதலாளி. தபாலட்டை வாங்கினேன்.

மார்ச் 31

தபாலட்டை இன்னும் சட்டைப் பையில். ஓரம் நனைந்துவிட்டது.

ஏப்ரல் 1

எழுதிப் போட்டேன். "டாக்டரிடம் இன்னொரு தரம் காட்டு. சரியென்றால் வா. லுணுகலையில் காது திறக்காவிட்டால் அங்கேயே இறங்கித் திரும்பிப் போ." கருப்பம்மாவின் மகள் வாசித்துச் சொல்வாள். முதலாளியிடம் போய், என்னைவிட அவன் ஆழம் போவான், அவனையே தலைவனாக வையுங்கள் என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. காக்கா ஒத்து ஊதினார். இருவரும் இருக்கலாமாம்.

ஏப்ரல் 20

டாக்டர் சரியென்றார், தம்பி வந்துவிட்டான். இன்று அவனுக்கு நாற்பத்தொரு மீன். எனக்குப் பதினாறு. படகில் மற்றவர்கள் அவனைத்தான் கேட்கிறார்கள், எங்கே இறங்கலாம், எப்போது ஏறலாம் என்று. இன்னும் எனக்கு எரிகிறது.

கரைக்கு வந்ததும் துவாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தான். அவன் காதில் மூன்று சொட்டு விட்டேன். ஊறட்டும் என்று காத்திருந்தோம். என் மடியில் கிடந்த கொப்பி மேல் அவன் கண் போனது.

"கொப்பி கெடச்சிருச்சாண்ணே?"

"கெடச்சிருச்சு."

அவன் புரண்டு மற்றக் காதைக் காட்டினான்.