ஓபோவும் என் வலது கையும்

உன் மருமகள் நேற்று ஒரு சுருட்டு டின்னைக் கொண்டுவந்தாள். "மாமா கண்ண மூடறதுக்கு முன்ன இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க, பெரியப்பா" என்றாள். திறந்தேன். பஞ்சுக்குள் அந்த வெள்ளைக்காரக் குழலின், ஓபோவின், உதட்டில் வைத்து ஊதும் சீவாளி. நுனியில் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. எழுபதைத் தாண்டியவனுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

அன்றும் இப்படித்தான் வியர்த்தது. ஜப்பான்காரன் காலத்தில், சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், சயாமுக்குப் போகவேண்டியவர்கள் என்று கணக்கெழுதும் கிராணி வாசித்த பெயர்களில் உன்னுடையதும் என்னுடையதும் அடுத்தடுத்து வந்தன. முன்பு அங்கே ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. உனக்கு மட்டும் மூளை வேலை செய்தது. வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிப்போன பங்களாவில் இருந்த ஜப்பான் அதிகாரி பியானோ வாசிப்பான். துரை விட்டுப்போன ஓபோவையும், ஓபோவுக்கும் பியானோவுக்கும் எழுதிய இசைத்தாள்களையும் வைத்துக்கொண்டு, ஊத ஆளில்லாமல் இருந்தான். நீ நம் கோயில் நாகஸ்வரக்காரன், ஓபோவுக்கும் சீவாளிதான். துரையும் துரைசாணியும் ஞாயிறுதோறும் வாசித்த அதே உருப்படியை, வேலியோரம் புல் வெட்டியபடியே மனப்பாடம் செய்திருந்தாய்.

"நான் ஊதறேன்னு சொல்லுங்க கிராணியாரே. ஆனா தாள் பொரட்ட இவன் கூட இருக்கணும். இவன் இல்லாட்டி எனக்கு மூச்சு வராது" என்றாய். சரியாக வாசித்தால் இரண்டு பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவதாக அதிகாரி சொல்லியனுப்பினான். தவில்காரனான எனக்கு அந்தத் தாளில் ஒரு புள்ளிகூடப் புரியாது என்பது நம் இருவருக்கும்தான் தெரியும்.

பங்களாப் படியேறும்போதும் உன் கேலி போகவில்லை. "அவன் தலைய ஆட்டுனா பொரட்டு. கை நடுங்குதா? நல்லதுலா, தாள் சீக்கிரம் பொரளும்."

நீ குழைவே இல்லாமல் நேராக ஊதியதை அன்றுதான் கேட்டேன். இரண்டு தாள் ஒழுங்காகப் புரண்டது. பிறகு ஓரிடத்தில் உனக்கு ஓய்வு வந்தது. ஓபோவை உதட்டிலிருந்து எடுத்தாய். பதினைந்து வருஷமாகக் கோயிலில் நீ குழலை எடுத்தால் அடுத்தது என் முறை. என் வலது கை என்னைக் கேட்கவில்லை. பியானோ மூடியில் 'தொம்' என்று அறைந்து தவிலின் முடிப்பு அடிகளான தீர்மானத்தில் பாதிவரை போய்விட்டது.

பியானோ நின்றது. அதிகாரி எழுந்தான். பயத்தில் வேட்டி நனைந்துவிட்டது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ குறுக்கே வந்து, "சாயா சாலா, துவான்" என்றாய். தப்பு உன்னுடையதாம். அறை உன் கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது. "லாகி!" என்று கத்தினான். மறுபடியும் வாசிக்க வேண்டும்.

கிழிந்த உதட்டில் சீவாளியை வைத்து முதலிலிருந்து ஊதினாய். அந்த இடம் வந்தது. ஓபோவை எடுத்தாய். நான் வலது கையை வேட்டி மடிப்புக்குள் முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வெள்ளிக்கிழமை சயாமுக்கு ஆளேற்றிய லாரி நாம் இல்லாமல் போனது. அதில் போனவர்களின் வீட்டு வாசலை வெகுகாலம் நாம் தலைகுனிந்தே கடந்தோம்.

யுத்தம் முடிந்து நாற்பது வருஷம் சேர்ந்து வாசித்தோம். நீ குழலை எடுத்ததும் என் கை ஒரு கணம் தயங்கும். "தவில்காரருக்குக் கை மந்தமாயிருச்சு" என்பார்கள். நீ பொறுத்திருந்து, அடி என்று தலையசைப்பாய். அதன்பிறகுதான் என் கை எழும்.

இன்று காலைப் பூசைக்கு வேறொருவர் வாசித்தார். குழலை எடுத்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் தலையசைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.